திரும்பிப் பார்க்காதவர்

பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். நின்றுவிடுவார், அவ்வளவுதான். கூப்பிட்டவர்தான் நடந்து போய், அவருடைய வலது பக்கமாகச் சுற்றி, முன்னால் வந்து நிற்க வேண்டும். அதுவரை அவர் எல்லைக்கல் மாதிரி நிற்பார். முகத்தில் எரிச்சலும் இருக்காது, யாரென்று அறியும் ஆவலும் இருக்காது. முன்னால் போய் நின்றதும், "சொல்லுங்க தாயி" என்பார்.

முதல் நாள் இது எனக்குத் தெரியாது. விருதுநகரில் நான் வேலை பார்த்த மறுவாழ்வு மையத்தின் நீண்ட நடைக்கூடத்தில் அவர் போய்க்கொண்டிருந்தார். பெஞ்சில் அவருடைய தண்ணீர் பாட்டில் கிடந்தது. "அக்கா, உங்க பாட்டில்" என்றேன். நின்றார், திரும்பவில்லை. காது மந்தமோ என்று நினைத்து இன்னும் உரக்க "அக்கா" என்றேன். தோள்கள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கின. ஓடிப்போய் முன்னால் நின்று பாட்டிலை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு, "அக்கான்னு கூப்பிடாதீக. பெரியம்மான்னு கூப்பிடுங்க" என்றார்.

அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. எனக்கு இருபத்தைந்து. பெரியம்மா என்று அழைக்கும் இடைவெளி அது இல்லை. ஆனாலும் கேட்டபடியே அழைத்தேன்.

மின்வெட்டு அன்றாட விஷயமாகிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பொறியியல் முடித்து, சென்னையில் கணினி விளையாட்டு செய்யும் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். மையத்தில் என் வேலை ஒரு கருவியைப் பார்த்துக்கொள்வது. தலையில் மாட்டும் கனத்த பெட்டி ஒன்று; அதன் உள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சின்னத் திரைகள்; தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று கணினிக்குச் சொல்லும் உணர்வி; கையில் பிடிக்க ஒரு ஜாய்ஸ்டிக். மாட்டிக்கொண்டால் முன்னால் ஒரு சமையலறையோ கடையோ சாலையோ விரியும். தலையைத் திருப்பினால் அதற்கேற்ப அந்த உலகமும் நகரும். மெய்நிகர் உலகம் என்று கடிதங்களில் எழுதுவோம். பேச்சில் எல்லோருக்கும் அது 'பெட்டி'தான்.

மூளையில் அடிபட்டவர்களுக்கு எது போயிற்று, எது மிச்சம் இருக்கிறது என்பதை வழக்கமாகத் தாளிலும் பென்சிலிலும்தான் சோதிப்பார்கள். மேசைமுன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவர் தெருவில் இறங்கியதும் தடுமாறுவார். அதற்காக நிஜத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திச் சோதிக்க முடியாது. "லாரி மோதினாலும் யாரும் சாகாத ஒரு ரோடு நமக்கு வேணும். அதைச் செஞ்சு குடும்மா" என்றார் டாக்டர். நரம்பு உளவியல் படித்தவர். மதுரையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வருவார். நான் செய்துகொடுத்தேன்.

அந்த ரோட்டில் மற்ற யாரையும்விட அதிகம் நடந்தவர் இந்தப் பெரியம்மாதான்.

அவர் வேலை பார்த்த பட்டாசு ஆலையில், ஊர்ப் பேச்சில் வெடி ஆபீசில், நடந்த விபத்தில் செங்கல் ஒன்று அவருடைய தலையின் வலது பின்பக்கத்தில் விழுந்திருந்தது. காயம் ஆறி, முடியும் வளர்ந்துவிட்டது. ஆனால் உலகத்தின் இடது பாதி அவருக்குக் காணாமல் போயிருந்தது. கண்ணில் குறை இல்லை. கண் பார்ப்பதை மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தலையில் வலது பக்கம் மட்டும் எண்ணெய் மினுங்கும். வலது கைக்கு மட்டும் வளையல் போட்டுக்கொண்டு வருவார். தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "ஏலே, அரை வயித்துக்குத்தான் போடுவீகளா? கவருமெண்டுல அளந்தா குடுக்காக?" என்று சமையல்காரரிடம் சண்டைக்கு நிற்பார். நான் எழுந்து போய்த் தட்டை அரை வட்டம் சுற்றி வைப்பேன்.

"ஆத்தாடி, இம்புட்டுச் சோறு எங்கன இருந்துச்சு?"

"உங்க தட்டுலதான் பெரியம்மா."

"தட்டு கள்ளத் தட்டா இருக்கும் போலிருக்கே" என்று சிரிப்பார். சிரிப்பு வலது பக்கம்தான் தொடங்கும்.

பெட்டியை முதலில் மாட்டிய அன்று கொண்டை ஒரு பெரிய சிக்கலாகிவிட்டது. பெட்டியின் வார் பின்மண்டையில் சரியாக உட்கார வேண்டும். அதைச் செய்தவர்கள் கொண்டையை யோசிக்கவே இல்லை. அவிழ்க்கச் சொன்னேன். டாக்டரையும் பியூனையும் ஒரு பார்வை பார்த்தார். இருவரும் வெளியே போனபிறகுதான் அவிழ்த்தார். மாட்டி முடித்ததும், "குதிரைக்குக் கண்ணுல தட்டு கட்டுவாகளே, அதைப் போல இருக்கு தாயி. கட்டுனவுகளுக்கு மட்டுந்தான் எங்க போறோம்னு தெரியும்" என்றார்.

அவரைக் கூட்டிவருவது தம்பி. சாத்தூரில் சேவுக்கடை வைத்திருந்தார். எப்போது வந்தாலும் சட்டையில் கடலை எண்ணெய் வாசம் இருக்கும், கையில் எனக்கொரு சேவுப் பொட்டலம் இருக்கும். கணவர் போய், பிள்ளையும் இல்லாத அக்காவை விபத்துக்குப் பிறகு தன் வீட்டில்தான் வைத்திருந்தார். மையத்தில் தங்கும் வாரங்கள் போக மற்ற நாளெல்லாம் அங்கேதான். அங்கே குறை எதுவும் சொல்ல முடியாது. தம்பி பெண்டாட்டியும் நல்லவர். ஆனால் இவருக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை.

"எங்கூடயே இருங்கக்கான்னுதான் சொல்லுதேன் மேடம்" என்றார் தம்பி ஒருநாள், அக்காவை வைத்துக்கொண்டே. "கேக்க மாட்டேங்காக. ஊருக்குப் போணும், ஊருக்குப் போணும்னு ஒரே பாட்டு. வெம்பக்கோட்டைக்கு அங்கிட்டு இருக்கு எங்க ஊரு. இவுக வீடு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பஸ்ஸு, ரேஷன் கடை, தண்ணிக் குழா எல்லாம் இந்தப் பக்கம். லோடு லாரி பறக்குற ரோடு அது. எடது பக்கம் வாரது தெரியாத மனுஷிய எப்படி நான் தனியா விட?"

"தெரிய வச்சிக்கிடுவேன்" என்றார் அவர்.

"அங்கன போயி யாரு மூஞ்சில முழிக்கப் போறீக?"

"முழிக்க வேண்டிய மூஞ்சிலதான்."

தம்பி என்னைப் பார்த்தார். "சரி. இவுக தனியா ரோட்டைத் தாண்டிருவாகன்னு டாக்டரு சொல்லட்டும். நானே கொண்டுபோயி விடுதேன்."

"பெறகு பேச்சு மாறக் கூடாது."

"மாறல."

அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெட்டி ரோட்டைத் தாண்டுவது ஒரு பரீட்சை ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்காருவார்.

நான் வரைந்த ரோட்டில் அவர் கண்ட குறைகள் பல. லாரி காலியாகப் போகிறது: "சீசன்ல லோடு இல்லாத லாரி எங்கயாச்சும் உண்டா?" ரோட்டில் சாணி இல்லை. வெயில் அடிக்கிறது, ஆனால் சுடவில்லை. லாரிக்கு மட்டும் தார்ப்பாய் மூடிய ஒரு லோடு வைத்துக்கொடுத்தேன். அவர் அதிகம் சொன்ன குறை ஆள் இல்லை என்பது. நடக்கிற மனிதன் ஒருவனைப் போட்டாலே எங்கள் கணினி திணறும். அதனால் கடை உண்டு, கடைக்காரர் கிடையாது. பஸ் நிறுத்தம் உண்டு, நிற்பவர் கிடையாது.

"எழவு விழுந்து கேதம் கேக்குற தெருவுலகூட நாலு பேரு நிப்பாகளே தாயி."

"போடப் பாக்குறேன் பெரியம்மா."

சிறிது நேரம் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டே போனார். பிறகு, "வேணாம். இப்படியே இருக்கட்டும். யாரும் எதுவும் கேக்க மாட்டாக" என்றார்.

மதிய நேரங்களில் அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் பெட்டிக்குள் ஆளில்லாத ரோட்டில் நடப்பார். அவருக்குத் தெரிவது அப்படியே என் திரையிலும் தெரியும். நான் பார்த்துக்கொண்டே சேவு தின்பேன். ஒரே ரோட்டில் இருவரும் இருந்தோம் என்று சொல்லலாம். ஆனால் அங்கே அவர் என்னைப் பார்க்க முடியாது.

இடது பக்கத்தைப் பழக்க டாக்டர் ஒரு வழி சொன்னார். ரோட்டோரம் இடது கோடியில் மஞ்சள் கம்பம் ஒன்றை நட வேண்டும். தாண்டுவதற்கு முன்னால் தலையைத் திருப்பி அந்தக் கம்பத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். கம்பம் கண்ணில் பட்டுவிட்டால் அதற்கு இந்தப் பக்கம் வரும் எல்லாமும் படும். முதல் நாட்களில் கம்பம் கிடைக்காமல் தாண்டிவிடுவார். இடதிலிருந்து வரும் லாரி அவர் மேல் ஏறிப் போகும். திரை ஒருமுறை சிவக்கும். "போச்சா?" என்பார். "போச்சு பெரியம்மா." "கேதத்துக்கு யாரும் வரலியே" என்று மறுபடி தொடக்கத்துக்குப் போவார்.

அந்தக் கம்பத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்தது அவர்தான். வீட்டைவிட்டு இறங்குமுன் மாமியார் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ளாத மருமகள் உருப்பட மாட்டாள் என்பது அவர் விளக்கம். பிறகு, "மாமியாளைப் பாத்தாச்சு. போகலாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் தாண்டுவார். மெல்ல மெல்ல இடது கையிலும் வளையல் வந்தது.

இடது பக்கம் தேறிவந்ததே தவிர, பின்னால் திரும்பாத பழக்கம் மாறவில்லை. டாக்டருக்கு அது விளங்கவில்லை. "இடது பக்கம் திரும்புற கழுத்துக்குப் பின்பக்கம் திரும்ப என்ன தடை? இது மூளையா, மனசா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தம்பியிடம் கேட்டேன்.

"முந்தியிருந்தே கொஞ்சம் அப்படித்தான் மேடம். விடியுமுன்ன வெடி ஆபீசு வண்டி வந்து ஹாரன் அடிக்கும். ஏறப் போறவுக வீட்டைத் திரும்பிப் பாக்க மாட்டாக. பாத்தா வேலைக்குப் போக மனசு வராதும்பாக. ஆனா கூப்பிட்டாத் திரும்புவாக. இப்பத்தான் அதுவும் இல்ல." கொஞ்சம் யோசித்து, "இருக்கன்குடி கோயில்ல ஒரு கூத்து நடந்துச்சு" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேர்ச்சைக்காகக் கூட்டிப்போயிருக்கிறார். ஆடி வெள்ளிக் கூட்டம். கை நழுவிவிட்டது. தம்பி பதறிப்போய், "எக்கா, எக்கா" என்று கத்தியிருக்கிறார். "கூட்டம் போயிக்கிட்டே இருக்கு. நடுவுல ஒரு மண்டை மட்டும் அசையல. ஆத்துத் தண்ணிக்குள்ள கல்லு கெடந்தாப்புல சனம் ரெண்டு பக்கமும் விலகிப் போவுது. அதை வச்சித்தான் ஆளையே கண்டுபிடிச்சேன். ஆனா ஒண்ணு மேடம், முன்னாடி போயி மூஞ்சியப் பாத்தா... அக்கா மூஞ்சி மாதிரியே இல்ல."

டாக்டரின் சோதனைகளில் ஒன்று பின்குரல். பெட்டி ரோட்டில் நடக்கும்போது ஹெட்போனில் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிடும். தலை திரும்புகிறதா, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்ப்போம். ஆண்களுக்கு "அண்ணே", பெண்களுக்கு "அக்கா". வேறு ஆள் இல்லாததால் என் குரலிலேயே பதிந்து வைத்திருந்தேன். எல்லோருக்கும் போடும் வரிசையில் அது அவருக்கும் வந்தது.

மாமியாரைப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கப் போனவர் நின்றார். என் திரையில் ரோடு அப்படியே உறைந்து நின்றது. குரல் இரண்டாம் முறை கூப்பிட்டது. ஜாய்ஸ்டிக் மடியில் விழுந்தது. நான் எழுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. யூபிஎஸ் கணினியைத் தாங்கியது, பழைய பெட்டியைத் தாங்கவில்லை. அவருடைய கண்முன் எல்லாம் கறுப்பாகியிருக்கும். மின்விசிறி நின்று அறையே அமைதியாகிவிட்டது. யூபிஎஸ் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"கழட்டட்டுமா பெரியம்மா?"

"இருக்கட்டும். இருட்டாத்தான இருக்கு."

நான் நாற்காலியை இழுத்து அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். பெட்டியைக் கழற்றாமலே சொன்னார்.

"வெடி ஆபீசுல எங்க ரூம்ல நாலு பேரு. நான்தான் மூத்தவ. மத்ததெல்லாம் வாலிபப் பிள்ளைக. புதுசா எந்தப் பிள்ளை வந்தாலும் நான்தான் சொல்லிக் குடுப்பேன். சத்தம் கேட்டா செருப்பத் தேடாதே. தூக்குவாளியத் தேடாதே. யாரு, என்னன்னு திரும்பிப் பாக்காதே. வாசலைப் பாத்து ஓடு. திரும்பிப் பாத்து நின்னவ யாரும் வீடு வந்து சேந்ததில்ல. இதை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்."

வெளியே நடையில் யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

"அன்னைக்கு நான் சொன்னதை நானே செஞ்சேன். வாசலைத் தாண்டிட்டேன். பின்னாடி அக்கான்னு ஒரு சத்தம். அடுத்த வீட்டுச் சித்தி மக. எனக்கு எடது பக்கம் உக்காந்து திரி செருகுவா. நான்தான் அவளை வேலைக்குக் கூட்டிட்டுப் போனது. சித்தி விடமாட்டேன்னுதான் சொன்னாக, நான்தான் எம்பக்கத்துல வச்சிப் பாத்துக்கிடுதேன்னு... ஒரே ஒரு தடவை. அக்கான்னு."

"ம்."

"காலு நின்னுச்சு தாயி. கழுத்துதான் திரும்பலை. ஓடியிருந்தா இந்தக் கல்லு எம்மேல விழுந்திருக்காது. திரும்பியிருந்தா அவளைப் பாத்திருப்பேன். ரெண்டும் இல்லாம நின்னேன்."

மின்சாரம் வந்தது. பெட்டிக்குள் மறுபடி ரோடு வந்திருக்க வேண்டும். அவர் அசையவில்லை.

"சித்திக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"நான் ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே எல்லாம் முடிஞ்சிருச்சு. எங்கிட்டச் சொன்னவுகளும் இல்ல, கேட்டவுகளும் இல்ல. நான்தான் போயிச் சொல்லணும். அதுக்குத்தான தாயி இந்த ரோட்டை மாஞ்சு மாஞ்சு தாண்டுறேன்."

டாக்டரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்க, தம்பிகிட்ட மட்டும் வேணாம் என்றார். டாக்டர் கேட்டுவிட்டு மேசையில் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "மூளையா மனசான்னு பிரிச்சுப் பாக்க நெனைச்சேன். ரெண்டுக்கும் அடி ஒரே நேரத்துல விழுந்திருக்கு" என்றார். பின்குரலை அவருடைய பயிற்சியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

பல நாள் கழித்து அவரே கேட்டார். ரோட்டை ஒருமுறைகூடச் சிவக்காமல் தாண்டி முடித்திருந்தார்.

"அந்தச் சத்தத்தைப் போடுங்க தாயி."

"எதுக்குப் பெரியம்மா? அது இனிமே தேவையில்லைன்னு டாக்டர்..."

"போடுங்க. இங்கன யாரு பாக்கா?"

போட்டேன். என் குரல், எனக்கே அந்நியமாக, "அக்கா" என்றது. என் திரையில் ரோடு நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு கடைவாசல் மெல்ல வலது பக்கம் நகர ஆரம்பித்தது. அவர் திரும்பிக்கொண்டிருந்தார். வலது பக்கமாகத் திரும்புவது அவருக்குச் சுலபம். ஆனால் இடது பக்கமாகவே திரும்பினார். மஞ்சள் கம்பம் வந்து, கடந்து போயிற்று. வேலி வந்தது. ரோட்டின் விளிம்பு வந்தது. சுழல்நாற்காலி கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு வெறும் சாம்பல் நிறம்.

நடக்கத் தொடங்கும் இடத்துக்குப் பின்னால் நான் எதையும் வரைந்திருக்கவில்லை. முன்னால் போவதற்கான ரோடு அது. வரையாத இடத்தைக் கணினி சாம்பலாகக் காட்டும். தரை, வானம், தூரம் எதுவும் அதில் கிடையாது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுமே இல்லையே தாயி."

"பின்பக்கம் நான் வரையலை பெரியம்மா. வேணும்னா போட்டுத் தர்றேன். மரம், வீடு, ஏதாவது..."

"வேணாம். எதையாச்சும் போட்டீகன்னா பொய்யாப் போயிரும்."

அவரே முன்பக்கம் திரும்பும்வரை நான் காத்திருந்தேன். பெட்டியைக் கழற்றித் துடைத்தபோது உள்ளேயிருந்த பஞ்சு நனைந்திருந்தது. அந்தப் பெட்டிக்குள் எல்லோருக்கும் வியர்க்கும்.

கடைசிச் சோதனை நிஜ ரோட்டில். டாக்டரால் வர முடியவில்லை. நேரில் பார்த்து எழுதிவரும்படி என்னிடம் சொன்னார். சாத்தூரிலிருந்து தம்பியும் அவரும் நானும் பஸ்ஸில் போனோம். தம்பியின் மடியில் அக்காவின் துணிப்பை இருந்தது. தேறாவிட்டால் அதே பையோடு திரும்புவது என்று பேச்சு. வழியெங்கும் கரிசல் காட்டின் நடுவே பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன வெள்ளை அறைகள் தள்ளித் தள்ளி நின்றன. அவர் ஜன்னலைப் பார்க்காமல் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துவந்தார்.

ஊரில் இறங்கினோம். டீக்கடைப் பேச்சு நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு டீயைப் பார்த்தார்கள். யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. ரோட்டோரம் போய் நின்றார். மஞ்சள் கம்பம் அங்கே ஏது? தலையை இடது பக்கம் திருப்பித் தேடினார். தூரத்தில் மின்கம்பம் ஒன்று இருந்தது.

"இந்த மாமியா கொஞ்சம் கறுப்பு" என்றார், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல்.

இடது பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. பார்த்தார். விட்டார். மறுபடி தேடினார், கம்பத்தைப் பிடித்தார், வலது பக்கம் பார்த்தார், இறங்கி நடந்தார். அவசரமே இல்லை. அந்தப் பக்கம் ஏறி மண்ணில் கால் வைத்தார்.

"தாண்டிட்டாகளே மேடம்" என்றார் தம்பி. ஏதோ தொலைந்துபோன மாதிரி இருந்தது அவர் குரல். பையை என்னிடம் கொடுத்தார். "நீங்க குடுத்துருங்க. நான் வந்தா அழுதுருவேன்."

பையோடு ரோட்டைத் தாண்டி அவருக்குப் பின்னால் போனேன். கூப்பிடவில்லை. அவர் பூட்டிய தன் வீட்டுக்குப் போகவில்லை; அதையொட்டிய அடுத்த வீட்டு முன்னால் நின்றுவிட்டார். வாசலில் ஓர் அம்மாள் சாக்கை விரித்து உட்கார்ந்து தாள் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டாசுக்கான தாள்குழாய். பக்கத்தில் பசைக்கிண்ணமும் முடிந்த குழாய்கள் நிறைந்த கூடையும் இருந்தன.

"சித்தி."

அந்த அம்மாள் நிமிரவில்லை. கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. "வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"படுக்கையாக் கெடக்கேன்னு சொன்னாக."

"நடக்கேன் சித்தி."

ஒரு குழாய் முடிந்து கூடையில் விழுந்தது. அடுத்த தாளை எடுத்தார். "நீ அவ பக்கத்துலதான இருந்த. கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

"கூப்பிட்டா."

கை நின்றது. அந்த அம்மாள் இப்போதுதான் முகத்தை நிமிர்த்தினார். "என்னையா?"

நான் நாலைந்து எட்டுத் தள்ளி நின்றேன். ஆமாம் என்று ஒரே ஒரு சொல். அதை அவர் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. யாருக்கும் நஷ்டமில்லை. வந்த வேலையும் முடிந்துவிடும், அடுத்த வீட்டில் வாழவும் முடியும்.

"இல்ல சித்தி. என்னையத்தான் கூப்பிட்டா. அக்கான்னு. நான் திரும்பிப் பாக்கலை."

அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பசைக்கிண்ணத்தைத் தட்டால் மூடினார். மிச்சத் தாள்களை அடுக்கினார். கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. திரும்பி வரவுமில்லை.

அவர் அங்கேயே நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கில் பசை காய்ந்து வெள்ளையாகிற அளவுக்கு நேரம் போயிற்று. பிறகு என் பக்கம் வந்து, "பையைக் குடுங்க தாயி" என்றார். பூட்டைத் திறந்தார். அடைத்துக் கிடந்த வீட்டின் வாசம் வெளியே வந்தது.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமா பெரியம்மா?"

"வேணாம். பஸ்ஸு போயிரும்."

துணையின்றி ரோட்டைத் தாண்டினார் என்று டாக்டருக்கு எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. மறுபரிசோதனைக்கு இரண்டு முறை வரச்சொல்லி எழுதினோம், வரவில்லை. அந்தத் திட்டம் முடிந்து பெட்டியைக் கழற்றி அட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் தம்பி வந்தார். விருதுநகரில் கடலைப்பருப்பு வாங்க வந்தவர், அப்படியே சேவுப் பொட்டலத்தோடு எட்டிப்பார்த்தார்.

"எப்படி இருக்காங்க?"

"இருக்காக. தனியாத்தான். பொங்கித் திங்காக. வெடி ஆபீசுக்குப் போகலை, வீட்டுல தாளு சுத்துறாக. ஊருல இப்ப ஒண்ணு ரெண்டு பேரு பேசுறாகளாம்."

"அந்த அடுத்த வீட்டு அம்மா?"

"சித்தியா? பேச்சுவார்த்தை எல்லாம் கிடையாது மேடம். எதுத்தாப்புல வந்தாலும் ஒதுங்கிப் போயிருவாக." சட்டைப் பையில் எதையோ தேடியவர் நிறுத்திவிட்டுச் சொன்னார். "குழாயில தண்ணி எந்நேரம் வரும்னு சொல்ல முடியாது. ரோட்டுக்கு அங்கிட்டுல்ல இருக்கு, இவுகளுக்குத் தெரியாது. வாசல்ல உக்காந்திருக்குற சித்தி, தண்ணி வந்துட்டா நடுச்சுவத்தைத் தட்டுதாக. இவுக குடத்தை எடுத்துக்கிட்டு எந்திரிச்சிப் போறாக. அம்புட்டுதான்."

எத்தனை தட்டு, ஒன்றே ஒன்றுதானா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.